மறுக்கத் தெரியாதவரின் ஷிப்ட்

முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் பணிப் பட்டியல் போடும் வேலை என் கைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. 'போடும் வேலை' என்று சொல்வதற்கே இப்போது கூச்சமாக இருக்கிறது. பட்டியலை மென்பொருள் போட்டுவிடுகிறது. நான் பார்த்து அனுப்புகிறேன், அவ்வளவுதான். 28 நாட்களுக்கான பட்டியல் திரையில் வந்து நிற்கும்போது வலது மேல் மூலையில் ஒரு சிறிய பச்சைக் கட்டம் தெரியும். அதில் 'விதிமீறல் 0' என்று இருக்கும். அந்தப் பூஜ்யம் முதல் ஆறு மாதம் எனக்குக் கொடுத்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. இப்போது அதே பூஜ்யத்தைப் பார்த்தால் வயிற்றுக்குள் ஏதோ புரள்கிறது. ஒரு விடியற்காலையில் பார்த்த ஒரு கரண்டிதான் காரணம். அதைச் சொல்வதற்கு முன், இந்த மென்பொருள் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவனே நான்தான் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

பென்சிலும் அழிப்பானும்

எனக்கு முன்னால் பட்டியல் போட்டவர் பெரிய சிஸ்டர். மாதக் கடைசியில் இரண்டு மாலை நேரங்களை அதற்கென்று ஒதுக்கிவிடுவார். நீள நோட்டு, பென்சில், அழிப்பான். 18 பராமரிப்பாளர்கள், காலை, மாலை, இரவு, ஓய்வு என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளும் நான்கு வாய்ப்புகள். 28 நாட்களுக்கு இதை எத்தனை விதமாக எழுதலாம் என்று ஒருநாள் விளையாட்டாகக் கணக்குப் போட்டேன். விடை 304 இலக்க எண். நம் கண்ணுக்கும் கருவிக்கும் எட்டிய அண்டத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே சுமார் 80 இலக்கங்கள்தான் வரும் என்பார்கள். அந்தக் கடலில் பெரிய சிஸ்டர் ஒரு பென்சிலோடு இறங்கி, ராத்திரி எட்டு மணிக்குள் ஏதாவது ஒரு கரையில் ஏறிவிடுவார்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஓர் இடத்தில் 24 மணி நேரமும் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவருக்கு வாரம் 40 மணி நேர வேலை என்று வைத்தால், அந்த ஓர் இடத்துக்கே 4.2 ஆட்கள் வேண்டும். அந்த 0.2 ஆள் யார் என்பதில்தான் எல்லாச் சண்டையும் தொடங்குகிறது. நான்கு பேரும் தங்கள் பங்கைச் செய்து முடித்த பிறகும் மிச்சம் நிற்கிற அந்த எட்டு மணி நேரத்தை யாராவது ஒருவர் தலையில் கட்டியாக வேண்டும். விடுப்பும் காய்ச்சலும் சேர்ந்தால் மிச்சம் இன்னும் வளரும்.

யார் தலையில் கட்டினார் பெரிய சிஸ்டர்? ஓர் ஆண்டு நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு யாருக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது என்று எண்ணினேன். அலுவலகக் கணக்கு பார்க்க வந்தவனுக்கு அது தேவையில்லாத வேலைதான். ஆனால் மாடிப்படியின் கீழே நின்று ஒரு பராமரிப்பாளர் அழுததைப் பார்த்துவிட்டேன், சும்மா இருக்க முடியவில்லை. எண்ணி முடித்தபோது படம் தெளிவாக இருந்தது. பெரிய சிஸ்டரின் மேசைக்கு அடிக்கடி போய்ப் பேசுகிறவர்களுக்கு ஞாயிறு கிடைத்தது. போகாதவர்களுக்கு இரவு கிடைத்தது. தாளைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, கேட்டால் கொடுப்பேன் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். கேட்காதவர்களுக்கு வேண்டாம் என்றுதானே அர்த்தம்?" என்றார்.

அந்த வாக்கியம் என்னை உலுக்கிவிட்டது. மென்பொருள் வாங்கலாம் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்த குறிப்பில் அதை அப்படியே மேற்கோளாகப் போட்டேன். இப்போது நினைத்தால், அது கொஞ்சம் கோள்மூட்டும் வேலைதான்.

ஐந்து மதிப்பெண்

இந்த மென்பொருள்கள் வேலை செய்யும் விதம் சுவாரசியமானது. விதிகளை இரண்டாகப் பிரித்துக்கொள்கின்றன. மீறவே கூடாதவை ஒரு வகை: இரவு ஷிப்டில் இத்தனை பேர் இருந்தாக வேண்டும், அவர்களில் ஒருவராவது மருந்து கொடுக்கத் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும், ஒரு ஷிப்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இத்தனை மணி நேர ஓய்வு வேண்டும். மற்றவை முடிந்தவரை மீறாமல் இருக்க வேண்டியவை. மீறினால் அபராத மதிப்பெண் விழும். தொடர்ந்து நான்காவது இரவு என்றால் இத்தனை, அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு வேலை என்றால் இத்தனை என்று. எந்தப் பட்டியலில் மொத்த அபராதம் குறைவோ அதைத் தேடிப் போகிறது மென்பொருள். பெரிய சிஸ்டர் இரண்டு மாலைகளில் செய்ததை நான்கு நிமிடத்தில் முடித்துவிடும்.

இந்தக் கணக்கின் பூர்வீகம் ஒரு சுங்கச்சாவடியில் இருக்கிறது. நியூயார்க் துறைமுக ஆணையத்தில் பணியாற்றிய லெஸ்லி எடி என்பவர் 1954இல், எந்த நேரத்தில் எத்தனை சாவடிகளில் ஆள் வைத்தால் வண்டிகள் காத்திருக்காது என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் கணித மேதை ஜார்ஜ் டான்ட்சிக், அந்த ஆட்களைப் பங்கிடுவதை 'நேரியல் திட்டமிடல்' கணக்காகவே, அதாவது வரம்புகளை மீறாமல் மிகச் சிறந்த விடையைத் தேடும் கணக்காகவே, எழுதிவிடலாம் என்று காட்டினார். 1976 வாக்கில் செவிலியர்களின் விருப்பங்களுக்கு எடை கொடுத்து அட்டவணை போடும் ஆய்வுகளும் வந்துவிட்டன. எனக்கு ஏனோ அந்தச் சாவடிதான் மனத்தில் நிற்கிறது. சாவடியில் நேற்று நின்றவர் இன்று இல்லை என்றால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் இல்லத்தில் மறதி நோய் உள்ளவர்கள் பலருக்கு மாலை ஆனால் நிலைகொள்ளாது. யார் கையைப் பிடித்தால் அடங்குவார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதற்கும் ஒரு விதி எழுதலாம், எழுதினோம். அது பாதி வேலை செய்கிறது. அந்தக் கதை வேறு.

நான் சொல்ல வந்தது மதிப்பெண்களைப் பற்றி. அவற்றை யார் தீர்மானிப்பது? பயிற்சி கொடுக்க வந்தவர் வெறும் கட்டங்களைக் காட்டி, "உங்கள் இல்லத்துக்கு ஏற்ற மாதிரி நிரப்பிக்கொள்ளுங்கள்" என்றார். தொடர் இரவுக்கு 50 போட்டேன். ஞாயிறுக்கு 20. 'பணியாளர் தனிப்பட்ட விருப்பம்' என்ற கட்டத்தில் 5. ஏன் 5 என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதிலும் இல்லை. மதிய உணவுக்குப் பிந்தைய தூக்கக் கலக்கத்தில் போட்ட எண் அது. ஒரு பெண் தன் பிள்ளையின் பள்ளிக்குப் போக வேண்டிய நாளுக்கும், இன்னொருவர் தன் அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் நாளுக்கும் அதுதான் விலை. பெரிய சிஸ்டரிடமாவது சண்டை போடலாம். 5 என்ற எண்ணிடம் யார் சண்டை போடுவார்கள்?

ஆனாலும் பட்டியல் நியாயமாகவே வந்தது. அதை மறுக்கமாட்டேன். ஓர் ஆண்டு முடிவில் மறுபடியும் ஞாயிறுகளை எண்ணினேன். யாருக்கும் யாருக்கும் இரண்டுக்கு மேல் வித்தியாசமில்லை. மாடிப்படியின் கீழே அழுதவர் அந்த ஆண்டு தன் தங்கையின் கல்யாணத்துக்கு முழுதாக நான்கு நாள் போய்வந்தார்.

கரண்டி

ஓர் ஆய்வுக்கான கோப்புகளை எடுத்து வைக்க வேண்டியிருந்ததால் அன்று காலை ஆறரைக்கே போய்விட்டேன். இரவு ஷிப்ட் முடியும் நேரம். கூடத்தின் கடைசி அறைக் கதவு திறந்திருந்தது. பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்த பாட்டி ஒருவர் அங்கே இருக்கிறார், பேச்சும் போய்விட்டது. விழுங்குவதில் சிக்கல் உள்ளவர் என்பதால் அவருக்கு உணவு கொடுப்பது பொறுமையான வேலை. கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்த வேண்டும், தண்ணீரைக்கூடக் கெட்டிப்படுத்திக் கொடுக்க வேண்டும், சிறிய கரண்டியில் கொடுத்து, விழுங்கியதைத் தொண்டையில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். அவசரப்பட்டால் உணவு மூச்சுக்குழாயில் போய் நுரையீரலில் நோய்த்தொற்று வந்துவிடும்.

கட்டிலருகே உட்கார்ந்திருந்தவள் எங்கள் பணியாளர்களில் இளையவள். எல்லோரும் 'சின்னவள்' என்றே கூப்பிடுவார்கள். வணக்கம் சொல்ல வாயெடுத்தவன் நின்றுவிட்டேன். கரண்டி பாட்டியின் வாய்க்கு ஒரு சாண் முன்னால் காற்றில் நின்றுகொண்டிருந்தது. சின்னவளின் கண்கள் மூடியிருந்தன. முதுகு நேராக, கை நீட்டியபடி, அப்படியே தூங்கிவிட்டிருந்தாள். பாட்டி தன் இடது கையால், வேலை செய்கிற அந்த ஒரே கையால், அவளுடைய மணிக்கட்டைக் கீழிருந்து தாங்கிக்கொண்டிருந்தார். கரண்டியில் இருந்தது சிந்தவில்லை. பாட்டி அவளை எழுப்பவும் இல்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நேரம் அப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பத்து நொடியாகக்கூட இருக்கலாம். பிறகு சின்னவள் திடுக்கிட்டு விழித்து, "ஐயோ, மன்னியுங்கள் பாட்டி" என்றாள். பாட்டி கையை எடுத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

நான் சத்தமில்லாமல் அலுவலக அறைக்கு வந்து திரையைத் திறந்தேன். விதிமீறல் 0.

நான் போட்டு அனுப்பிய பட்டியலில் சின்னவளுக்கு அன்று இரவு வேலையே இல்லை. அந்த வாரத்தில் அவளுக்கு இரண்டு மாலை, இரண்டு காலை, மற்றவை ஓய்வு. திரையில் இருந்த பட்டியலிலோ மூன்று இரவுகளும் அவற்றுக்கு இடையில் ஒரு மாலையும் இருந்தன. மாற்றுக் கோரிக்கை என்று ஒரு வசதி இருக்கிறது. தனக்கு வந்த ஷிப்டை வேறொருவர் ஏற்றுக்கொள்வாரா என்று ஒரு பணியாளர் போனிலேயே கேட்கலாம். அவர் 'ஆம்' என்ற பொத்தானை அழுத்திவிட்டால், மீறக்கூடாத விதி எதுவும் உடையவில்லை என்றால், மாற்றம் தானாகப் பதிவாகிவிடும். மேலாளர் தொந்தரவு செய்யப்படமாட்டார் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். நானும் தொந்தரவு செய்யப்படாமல் நன்றாக இருந்தேன்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பட்டியல் போடும்போது இரண்டு வகை விதிகளும் பார்க்கப்படுகின்றன. மாற்றும்போது முதல் வகை மட்டுமே பார்க்கப்படுகிறது. மனிதனின் உள்ளுடல் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது. அதனால் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி மாறுவதை உடல் ஒருவாறு தாங்குகிறது, இரவிலிருந்து மாலைக்குப் பின்னோக்கி இழுத்தால் திணறுகிறது. இரவு வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வைத்தது. 2019இல் அதையே உறுதிசெய்தது. பட்டியலில் முன்னோக்கிய சுழற்சிக்கு நான் பெருமையாக 30 மதிப்பெண் வைத்திருந்தேன். மூன்று பேர் மூன்று 'ஆம்'களில் அந்த முப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கட்டம் பச்சையாகவே இருந்தது.

மூன்று மாதப் பதிவை இறக்கிப் பார்த்தேன். சின்னவள் மற்றவர்களுக்காக ஏற்றுக்கொண்டவை 17. அவள் பிறரிடம் கேட்டது ஒன்றுகூட இல்லை. அடுத்த இடத்தில் இருந்தவர் ஏற்றது ஐந்து.

புள்ளிகள்

தாளை எடுத்துக்கொண்டு பெரிய சிஸ்டரிடமே போனேன். பட்டியல் வேலை போன பிறகும் அவர்தான் எங்கள் தலைமைச் செவிலியர். 'அப்போதே சொன்னேன்' என்று இடித்துக்காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலை வரிசையாக ஓட்டினார். "மாட்டேன் என்று சொன்னவர்கள் பெயர் எங்கே, தம்பி?" என்று கேட்டார். அது பதிவாவதில்லை. பதில் வராத கோரிக்கை 24 மணி நேரத்தில் தானாக அழிந்துவிடும். யாரிடம் எத்தனை முறை கேட்டார்கள், யார் எத்தனை முறை கண்டுகொள்ளாமல் விட்டார்கள் என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை.

அவர் எழுந்துபோய் ஒரு பழைய நோட்டை எடுத்துவந்து விரித்தார். நான் ஞாயிறு எண்ணிய அதே நோட்டு. பெயர்களுக்கு எதிரே அங்கங்கே பென்சில் புள்ளிகள் இருந்தன. எண்ணும்போது அவற்றைப் பார்த்திருக்கிறேன். பென்சில் முனை பட்ட கறை என்று நினைத்திருந்தேன். "அவசரத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டு வரச்சொன்னால் ஒரு புள்ளி வைப்பேன். இரண்டு புள்ளி ஆகிவிட்டால் அந்த மாதம் அவரைக் கூப்பிடமாட்டேன்." சின்னவளின் பெயருக்கு எதிரே அவள் சேர்ந்த முதல் மாதத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தன. அதற்குப் பிறகு எந்த மாதமும் இரண்டைத் தாண்டவில்லை.

இதைச் சொல்வதால் பெரிய சிஸ்டரின் நோட்டு நல்ல நோட்டு என்று நான் மனம் மாறிவிடவில்லை. ஞாயிறு விஷயத்தில் அவர் செய்தது அநியாயம்தான். புள்ளிகள் அதை அழித்துவிடாது. கேட்காதவர்களுக்கு வேண்டாம் என்று அர்த்தம் என்றார் அவர். அவரைத் திருத்தப்போன நான், மறுக்காதவர்களுக்குச் சம்மதம் என்று அர்த்தம் கொள்கிற ஒரு பொறியைக் கொண்டுவந்து எல்லோர் போனிலும் வைத்துவிட்டேன்.

சின்னவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஏன் எல்லாவற்றுக்கும் ஆம் என்கிறாய்? அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "கேட்பது யார் சார்? கூட வேலை செய்கிற அக்காக்கள். ஒருவரைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும். இன்று மாட்டேன் என்று சொல்லிவிட்டு நாளை யாரைக் கைகொடுக்கக் கூப்பிடுவேன்?" இதற்கும் என்னிடம் கட்டம் இல்லை. பெரிய சிஸ்டர் கேட்டபோது மறுத்திருந்தால் கோபம் மேலே போயிருக்கும்; மேலே இருப்பவர் மீது எல்லோரும் சேர்ந்து கோபப்படலாம். இப்போது கேட்பவரும் கேட்கப்படுபவரும் ஒரே கட்டிலின் இரண்டு பக்கம் நிற்கிறார்கள்.

மாதத்துக்கு மூன்றுக்கு மேல் யாரும் மாற்று ஏற்க முடியாது என்று உடனே ஒரு விதி போட்டேன். வீராவேசமாகப் போட்டது. இரண்டே வாரத்தில், அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறவர் என் மேசை முன்னால் வந்து நின்றார். அவருக்காக ஷிப்ட் ஏற்றுக்கொண்டிருந்தவர்களில் முக்கியமானவள் சின்னவள். வேறு யாரும் முன்வரவில்லை. "விதி போட்டது சரிதான் சார். என் அம்மாவின் சிறுநீரகத்துக்கு அது தெரியவில்லையே" என்றார். அந்த மாதம் அவர் இரண்டு முறை காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தார். காய்ச்சல் இல்லை என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். கடைசியில் அவருடைய டயாலிசிஸ் நாட்களை மீறக்கூடாத விதிகளில் சேர்த்தேன். ஐந்து மதிப்பெண்ணிலிருந்து அங்கே போய்ச் சேர அவருக்கு ஒன்றரை ஆண்டு ஆனது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977இல் செவிலியப் பணியாளர்களுக்கென்று ஒரு பரிந்துரை வெளியிட்டது. ஷிப்டுகளுக்கு இடையே குறைந்தது 12 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும், தங்கள் வாழ்க்கையையும் குடும்பத்தையும் ஒழுங்குபடுத்திக்கொள்ளப் போதிய அவகாசத்துடன் பணி நேரத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது அது. நாங்கள் மூன்று வாரம் முன்பே அறிவிக்கிறோம். 12 மணி நேர இடைவெளி உடைவதே இல்லை. அந்தத் தாளோடு யார் வந்து சோதித்தாலும் தேறிவிடுவோம்.

சென்ற மாதம் மென்பொருள் நிறுவனத்திலிருந்து புதிய பதிப்பு வந்தது. மாற்றுக் கோரிக்கைகள் வீணாவதைத் தவிர்க்க, முந்தைய பதிவுகளைப் படித்து, யார் ஏற்கும் வாய்ப்பு அதிகமோ அவருக்கு முதலில் அனுப்பும் வசதி. விளக்கக் காணொளியில் ஒருவர் புன்னகையோடு அதைக் காட்டினார். எங்கள் பதிவைப் படித்தால் அது யாருக்கு முதலில் அனுப்பும் என்று கண்டுபிடிக்கச் செயற்கை நுண்ணறிவு தேவையில்லை. பணியாளர்களின் தனிப்பட்ட நடத்தையைப் பார்த்து வேலை ஒதுக்கும் செயற்கை நுண்ணறிவை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டத்தில் அதிக ஆபத்துள்ள வகையில் சேர்த்திருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கரண்டி ஞாபகம் வந்தது. அந்த வசதியை அணைத்து வைத்திருக்கிறேன். தனி ஒருவருக்கு நேரடியாகக் கோரிக்கை அனுப்புவதையும் மூடிவிட்டேன். எல்லாக் கோரிக்கைகளும் இப்போது என் திரைக்கு வருகின்றன. ஒரு தாளில் புள்ளி வைக்கிறேன்.

போன வியாழக்கிழமை சின்னவளிடமிருந்து முதல்முறையாக ஒரு கோரிக்கை வந்தது. சனிக்கிழமை இரவு. காரணம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். எல்லோருக்கும் அனுப்பினேன். அன்று மாலைவரை ஒருவரும் பொத்தானைத் தொடவில்லை. வெள்ளி மதியம் போனைக் கையில் எடுத்தேன், பெரிய சிஸ்டர் எடுப்பதுபோல. யாரை முதலில் கூப்பிடலாம் என்று யோசிப்பதற்கு முன்பே ஒரு பெயர் மனத்தில் வந்து நின்றது. சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கியே இருப்பார், அதிகம் பேசமாட்டார், நான் கேட்டால் தட்டமாட்டார். எண்ணில் பாதியை அழுத்தியும்விட்டேன். அழித்துவிட்டு, பதிவில் ஒருமுறைகூட ஆம் என்று சொல்லியிராத ஒருவரின் எண்ணைத் தேடத் தொடங்கினேன்.